புளியறையில் வேலை பார்க்கும் இடது கை

என்னைத் தென்காசிக்கு அனுப்பியது எட்டரை அங்குல நீளமுள்ள ஒரு பொய். பொய்யை யாரும் அளந்து சொல்வதில்லை. நான் அளந்திருக்கிறேன். ஏனென்றால் அதை ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலிலிருந்து நானே அறுத்து எடுத்தேன்.

என்னிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. சீமையில் செய்து கப்பலில் வந்தது. என்னைவிட மூத்தது. அந்தக் காலத்து வண்டிகளில் இன்றுபோல மினுக்கும் இண்டிகேட்டர் கிடையாது. முன்கதவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒடுக்கமான ஒரு பள்ளம் இருக்கும். ஸ்விட்சைத் திருப்பினால், பள்ளத்தில் மடங்கிக் கிடக்கும் சிறிய கை ஒன்று ரயில்வே கைகாட்டிபோல எழுந்து நீட்டி நிற்கும். அதற்குள் ஆரஞ்சு விளக்கு எரியும். என் வேனில் வலது கை உண்டு. இடது கை நான் வாங்கும்போதே இல்லை.

எங்கள் கோயம்புத்தூரில் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஞாயிறுதோறும் கூடுவோம். ஒருவர் வண்டியில் மற்றவர் கண்டுபிடித்த போலித் திருகாணிகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவோம். ஆண்டுக்கு ஒருமுறை ‘முழு அசல்’ என்று பொறித்த பித்தளைப் பட்டயம் ஒன்றைச் சங்கம் தருகிறது. அதற்கான படிவத்தில் நாற்பத்திரண்டு பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘அசல்’ என்றோ ‘அசல் அல்ல’ என்றோ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் நூற்பாலை ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். என் காலத்தில் அங்கே ஒரு நட்டு காணாமல் போனதில்லை. அப்படிப்பட்டவனின் பேனா, முப்பத்தேழாம் பாகமான இடது கைகாட்டிக்கு எதிரே ‘அசல்’ என்று எழுதிவிட்டது. எழுதியதற்கு ஏற்றாற்போல அடிக்கோலை அறுத்து, ஆரஞ்சு பெயிண்ட் அடித்து, பள்ளத்தில் செருகினேன். அது எழாது. ஆனால் மடங்கிய நிலையில் பார்க்க லட்சணமாக இருந்தது.

பார்வையிடும் குழு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் என்று தகவல் வந்தது. தலைவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் இயக்கிப் பார்ப்பவர். படிவத்தில் பொய் எழுதியது தெரிந்தால் உறுப்பினர் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்ததோடு விடாமல், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வாசிப்பார்கள். போன வருடம் வாசிக்கப்பட்டவர் ஊரையே மாற்றிக்கொண்டு போனார். அவர் செய்த குற்றம் ஒரு சாம்பல்கிண்ணம்.

“ஏனுங்க, ‘இல்லை’ன்னு எழுத எத்தனை எழுத்தாகும்?” என்றாள் என் மனைவி. மூன்று. எண்ணிப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் தென்காசி மைதீன் பாய் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். பழைய வண்டிகளுக்கு எலெக்ட்ரிகல் வேலை செய்கிறவர். நேரில் பார்த்ததில்லை, ஆறு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். துருவும் பெயிண்டுமாக ஒரு இடது கை. கூடவே குரல்செய்தி: “உசுரோட இருக்கு சார். கெளம்பி வாங்க.”

செவ்வாய்க்கிழமை காலை 9.40. மைதீன் பாயின் கடை பூட்டிக் கிடந்தது. கதவில் தொங்கிய அட்டையில் ‘தண்ணி விழுது’ என்று எழுதியிருந்தது. உள்ளே கூரை ஒழுகுகிறது போலும் என்று நினைத்து, பக்கத்து டீக்கடைக்காரரிடம் அனுதாபமாக விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பாய் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருப்பதாகவும், தண்ணீர் நன்றாக விழுந்தால் பாய் கடையில் இருக்க மாட்டார், விழாவிட்டால் இருப்பார், அளவுக்கு மீறி விழுந்தாலும் இருப்பார் என்றும் சொன்னார். அளவுக்கு மீறினால் போலீஸ் குளிக்க விடாதாம். இதை நாட்குறிப்பில் மூன்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். வேறு ஊரில் இதைச் சோம்பல் என்பார்கள். இங்கே இது பணிநேரம்.

எங்கள் ஊரில் பட்டறை வைத்திருப்பவர் தன் கல்யாணத்தன்றுகூட மதியத்துக்கு மேல் பட்டறையைத் திறந்துவிடுவார். அந்தப் பெருமையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஒன்பது பேர். ஆட்டோக்காரர், எல்லாரும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அருவி தெரியும் வளைவு வரை ஓட்டிப்போய் நிறுத்தினார். “எப்படி விழுதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம்” என்றார். மற்ற எட்டுப் பேரும் இறங்கிப் பார்த்தார்கள். ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மெயின் அருவியில் ஒரு மனிதரைத் தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. சாரல் காலத்தில் அங்கே தமிழ்நாடே அரைத்துண்டோடு நிற்கிறது. நீதிபதி, நெல் வியாபாரி, ஜாமீனில் வந்தவர் எல்லாருக்கும் ஒரே எண்ணெய், ஒரே பளபளப்பு. கம்பிக்குப் பின்னால் வரிசையாக நின்று, தலையில் தண்ணீர் விழும்போது எல்லாரும் ஒரே மாதிரி வாயைப் பிளக்கிறார்கள். அப்பால் மரப்பலகைகளில் ஆட்களைக் குப்புறப் போட்டு, பரோட்டா மாவைப்போல அடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முழுக்கைச் சட்டையும் ஷூவும் தோல்பையுமாக நின்றேன். ஒரு குரங்கு மட்டும் என்னை மதித்து அருகில் வந்து பையைத் திறக்க முயன்றது.

கடைசியில் போன் செய்தேன். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசி மாட்டியிருந்த ஒருவர், எண்ணெய் வழிய, பலகையிலிருந்து கையை உயர்த்தினார். மைதீன் பாய். ஐம்பது வயதிருக்கும், வயிறு சிறிது முன்னால் வந்த, எதற்கும் அவசரப்படாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை கெடுவை விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“சார், முதல்ல தலையக் காட்டுங்க. வேலை எங்கயும் ஓடிராது. தண்ணிதான் ஓடிரும்.”

நான் குளிக்க வரவில்லை என்றேன். குற்றாலத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் ஆள் நானாக இருக்க வேண்டும். தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

புதனன்றும் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஆகவே பாய் வரவில்லை. வழி மட்டும் சொன்னார்: கை இருப்பது அவரிடம் அல்ல, புளியறையில்; அங்கே போய்க் ‘கைகாட்டிக் கடை’ என்று கேட்க வேண்டும். செங்கோட்டை தாண்டி ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் இன்ஜினைத் திறந்து, நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் சொந்தக்காரர்களைப்போல மௌனமாகப் பார்த்தார்கள். இருபத்தாறு நிமிடம் கழித்து அது தானாகவே கிளம்பியது.

புளியறை கேரள எல்லையில் இருக்கிறது. சோதனைச் சாவடி, அதற்கு முன்னால் லாரி வரிசை, லாரிகளை நம்பிச் சாப்பாட்டுக் கடைகள். மலை பக்கத்திலேயே நிற்கிறது, மேகம் ரோட்டுக்கு இறங்கி வந்துவிடுகிறது. ஏழு கடைகளை எண்ணினேன். எல்லாவற்றிலும் மூன்று நிறத்தில் மினுக்கும் எல்ஈடி போர்டு. எட்டாவதுதான் என் வேனின் உடன்பிறப்பு. சக்கரம் கிடையாது. பாதி மண்ணில் புதைந்து, செங்கோட்டையைப் பார்த்தபடி, இடது விலா ரோட்டுப் பக்கம் இருக்க நின்றது. வலப்பக்கம் முழுவதையும் வெட்டி எடுத்துத் தகரக் கொட்டகையோடு சேர்த்திருந்தார்கள். ஒரு காலத்தில் ஏதோ எஸ்டேட்டுக்கு ஓடி, இந்த இடத்தில் மூச்சு நின்ற வண்டியாம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கை எழுந்தது. முதலில் ஒரு நடுக்கம், பிறகு பாதி, அப்புறம் முழுக்க. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மேலே போய்க்கொண்டிருந்த லாரி ஒன்று அதைக் கண்டதும் ஓரம் கட்டியது. ஆறு மாதமாக நான் தேடிய பொருள், என் கண்ணெதிரில், ஒரு பரோட்டாக் கடைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் செல்லம்மாள். என் வயதுதான் இருக்கும். வேனுக்குள் பரோட்டாக் கல் முன்னால் நிற்பவருக்கு ரோடு தெரியாது. தலைக்குமேல் ஒரு ஸ்விட்சு, கீழே ஒரு பழைய பேட்டரி. பரோட்டா கல்லிலிருந்து இறங்கியதும் ஸ்விட்சைப் போடுவார், தீர்ந்ததும் அணைப்பார். நான் வியந்ததும் அவர் விளக்கினார்:

“கை தூக்கியிருந்தா சூடா இருக்குன்னு அர்த்தம். மடங்கியிருந்தா நில்லாம போன்னு அர்த்தம். ஆறினதைச் சூடாக்கிப் போடுத பழக்கம் இங்கன கெடையாது.”

கை தூக்கியிருந்ததால் உட்கார்ந்து சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டா என்பது மைதாவில் செய்த ஒரு பிடிவாதம். இது தொட்டால் அவிழ்ந்தது. சால்னாவில் மிளகு தூக்கலாக இருந்தது. மூன்றாவதை முடித்துவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

அவர் யோசிக்கவே இல்லை. துபாயில் இருக்கும் மருமகன் போன் பண்ணும்போதெல்லாம், மற்றவர்கள் லைட்டு போர்டு வைத்திருக்கிறார்கள், உங்கள் கடை மட்டும் காயலான் கடை மாதிரி இருக்கிறது என்று குத்திக்காட்டுகிறாராம். ஒரு போர்டு கொடுத்தால் இந்த இரும்பைக் கழற்றிக்கொண்டு போகலாம். என் வாழ்நாளில் இவ்வளவு சுலபமாக எதுவும் முடிந்ததில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ தென்காசிக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய போர்டாகப் பார்த்து வாங்கி வந்து, மாலை நாலரைக்குள் மாட்டிவிட்டேன். ‘பரோட்டா ரெடி’ என்று சிவப்பில் ஓடி, பச்சையில் நின்று, நீலத்தில் துடித்தது. செல்லம்மாள் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்றார். என் சொந்த ஸ்குரூடிரைவரால் கையைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். மிகவும் கெட்டிக்காரனாக உணர்ந்த ஒரு மாலை அது.

வியாழன் காலை கடை மறுபடி பூட்டு. அதே அட்டை. பூட்டிய கதவுக்கு முன்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு, மலையில் கனமழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆயிரக்கணக்கானவர்களின் ஆனந்தக் குளியல் கெட வேண்டும் என்று ஒரு மனிதன் உண்மையாகவே வேண்டினால் அது பலிக்கிறது. பதினொன்றரைக்கு டீக்கடைக்காரர் செய்தி சொன்னார்: தண்ணீர் அருவியின் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிவிட்டது.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் தெருவே ஈரத்தலையோடு வேலைக்குத் திரும்பியது. தையற்கடை திறந்தது. ஜெராக்ஸ் கடை திறந்தது. மைதீன் பாய் 12.20க்கு, துண்டைப் பிழிந்துகொண்டே, இழவு வீட்டுக்கு வருபவரின் முகத்தோடு வந்தார். நான் மகிழ்ச்சியை மறைக்கத் தெரியாமல் அவருக்கு மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தேன்.

உட்கார்ந்த பிறகு அவர் வேறு ஆள். கையைத் தூக்கும், பாதி கருகிய காயிலைப் பிரித்து, தலைமுடி கனத்தில் புதிய செம்புக் கம்பியைச் சுற்றினார். சுற்றும்போது பேசவில்லை, போன் எடுக்கவில்லை. பித்தளை முனைகளைப் புளிக்கரைசலில் ஊறவைத்தார். மங்கிப்போன ஆரஞ்சு மூடியைப் பற்பசையால் தேய்த்துத் தேய்த்து உள்ளே வெளிச்சம் வர வைத்தார். பெயிண்டைச் சுரண்டினால் நீலம், அதன்கீழ் மஞ்சள், அதன்கீழ் பச்சை. செல்லம்மாள் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்தது. ஏழு பூச்சு. எட்டாவதாக இரும்பு வந்தது. அதில் அச்சடித்த எண். என் வலது கையின் எண்ணுக்கு அடுத்த எண்ணோ என்று தோன்றும் அளவுக்கு நெருங்கிய எண். பதினான்கு படம் எடுத்தேன்.

பேட்டரியில் தொட்டுக் காட்டினார். கை சட்டென்று எழுந்தது, நடுக்கமே இல்லை. “அங்கன தெனமும் முப்பது தடவ எந்திரிச்ச சாமான் சார்” என்றார் பாய். “ஒங்க ஊர்ல வருசத்துக்கு எத்தனை தடவ எந்திரிக்கும்?”

சங்கத்தார் வரும்போது ஒரு தடவை. பேச்சை மாற்றப் பையைத் துழாவினேன்.

அப்போதுதான் தெரிந்தது: கையைப் பொருத்தும் இரண்டு திருகாணிகள் இல்லை. போர்டு மாட்டிய அவசரத்தில் புளியறையிலேயே வைத்துவிட்டேன். தன் டப்பாவிலிருந்து இரண்டு எடுத்துத் தருவதாகவும், பெயிண்ட் அடித்தால் அல்லாவுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும் என்றும் பாய் சொன்னார். வெள்ளைக் கையுறைக்கும் தெரியும் என்றேன். இரண்டு திருகாணிக்காக எல்லை வரை போகிறவனைப் பார்த்ததில்லை என்று அவர் டீக்கடைக்காரரிடம் சொல்வது, நான் தெருமுனையைத் திரும்பும் வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை புளியறையில் மேகம் முழுக்க ரோட்டில் இருந்தது. அந்த வெண்மைக்குள் எட்டு போர்டுகள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துடித்தன. எது எந்தக் கடை என்று எனக்கே தெரியவில்லை. கடைசிப் போர்டுக்குக் கீழே, ரோட்டோரத்தில், தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் இடது கையை நீட்டியபடி நின்றிருந்தார். கையில் தோசைக்கரண்டி.

செல்லம்மாள். ஒரு லாரி நிற்காமல் போனது. உள்ளே கருகும் வாடை வந்ததும் ஓடினார். பரோட்டாவைத் திருப்பிப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடி வந்து கையை நீட்டினார். அடுத்த லாரியும் போனது.

போர்டு வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். எனக்கே அந்தக் கேள்வி அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

“அதுக்கு என்ன, நல்லாத்தான் வேலை செய்யுது அண்ணாச்சி. நான் மாவு பெசையுததுக்கு முன்னாடியே ரெடி ரெடிங்குது. தீந்த பொறவும் ரெடிங்குது. நேத்து ரெண்டு பேரு எறங்கி வந்து சண்ட போட்டுட்டுப் போனாவ.”

கையைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான், திருகாணி அந்த டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்தேன். போயிருக்க வேண்டும். பசித்தது, உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் ஒரு லாரி கொஞ்ச தூரம் போய் நின்று, பின்னாலேயே வந்தது. கடையத்திலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற டிரைவர், வாரம் நாலு நாள் இங்கே சாப்பிடுகிறவர். உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தார்.

“ஏக்கா, கை எங்க? நேத்து கையக் காணலைன்னு நேர புனலூர் போயி ஒரு எடத்துல தின்னேன். அத சோறுன்னு சொன்னா சோத்துக்கே கேவலம். எந்தக் களவாணிப் பய புடுங்கிட்டுப் போனான்?”

களவாணிப் பயல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பை அவன் பக்கத்தில் இருந்தது. துண்டின் ஓரத்தில் ஆரஞ்சு மூடி எட்டிப் பார்த்தது.

செல்லம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “புடுங்கவும் இல்ல, களவும் போவல. ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. அந்தா, அண்ணாச்சி சரிபண்ணிக் கொண்டாந்திருக்காவ.”

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அப்படியா, மாட்டுங்க அண்ணாச்சி, மாட்டுங்க என்று தானே என் தட்டை ஒதுக்கி வைத்தார்.

அந்தப் பொய் என்னைக் காப்பாற்றச் சொன்னதா, மாட்டிவிடச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாட்குறிப்பில் இரண்டு காரணங்களையும் எழுதி, எதிரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று தெரியும். என் பொய்யை உண்மையாக்க நான் ஆறு மாதம் அலைந்தேன். அவர் பொய்யை உண்மையாக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சட்டைப்பையில் இருந்த இரண்டு அசல் திருகாணிகளும் மிகச் சரியாகப் பொருந்தின.

செல்லம்மாள் ஸ்விட்சைப் போட்டார். கை எழுந்தது. “முன்னைக்கு இப்ப வெரசா எந்திரிக்கே” என்றார் டிரைவர். நல்ல மெக்கானிக் என்று என்னைப் பாராட்டி, தன் லாரி ஹாரன் ஒரு மாதமாகத் தொண்டை கட்டிக் கிடக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வெளியே இன்னொரு லாரி பிரேக் போடும் சத்தம்.

கிளம்பும்போது செல்லம்மாள் போர்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நேரம் காலம் இல்லாமல் பொய் சொல்லுகிற சாமான் கடைக்கு எதற்கு என்றார். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் அளவாக விழுந்தது. ரயிலுக்கு நேரம் இருந்தது, வேலை எதுவும் பாக்கி இல்லை. மைதீன் பாய் என்னைப் பலகையில் கிடத்தினார். முதுகில் முதல் அடி விழுந்தபோது, கை என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார், பலகை ஆடியது. எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றேன் என்று குறிக்க முடியவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை அடிக்கோல் துண்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். தலைவர் கொண்டுவந்த படிவத்தில் முப்பத்தேழாம் பாகத்துக்கு எதிரே இருந்த ‘அசல்’ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, ‘வண்டியில் இல்லை. புளியறையில் வேலை பார்க்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தலைவர் அதை இரண்டு முறை படித்தார். கையுறையைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை படித்தார். பட்டயம் இல்லை. ஒருமுறை எழுதியதை அடித்து எழுதிய உறுப்பினரை என்ன செய்வது என்று விதிகளில் இல்லாததால், அதை ஆராய மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். மூவரில் இருவர் என் வண்டியின் வைப்பர் போலியோ என்று சந்தேகப்படுகிறவர்கள்.

கூட்டத்திலிருந்து திரும்பும்போது மனைவியும் வேனில் இருந்தாள். பின்சீட்டில் ‘பரோட்டா ரெடி’ போர்டு கிடந்தது. எங்கள் தெருவுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பழக்கத்தில் ஸ்விட்சைத் திருப்பினேன். எழுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னலை இறக்கி, வளையல் குலுங்க இடது கையை நேராக வெளியே நீட்டினாள்.

“உங்க சங்கத்துல எழுதிப் போடுங்க,” என்றாள். “இது ஒரிஜினலுங்க.”

பின்னால் வந்த லாரி வேகத்தைக் குறைத்தது.